வாயில் அடித்த மருந்து

எழுபதுகளின் கடைசியில் வண்டன்மேட்டு ஏலத்தோட்டம் ஒன்றில் பூச்சிமருந்து அடிப்பதுதான் என் வேலை. சில வருஷத்திலேயே மூச்சிரைப்பு வந்து ஒட்டிக்கொண்டது. தோட்டத்து டாக்டர் இன்ஹேலர் ஒன்றை நீட்டி, "மூச்சு முட்டுறப்ப வாயில வச்சு அடிச்சுக்கோ" என்றார். அதோடு சரி.

அடித்தேன். இரைப்பு குறைகிற வழியாக இல்லை. திரும்பிப் போனதும் டாக்டர் சீறினார். "எவ்வளவு விலையுள்ள மருந்து தெரியுமா? வேலைக்கு டிமிக்கி கொடுக்கவா இந்த நடிப்பு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நடிக்கலைய்யா, நீங்களே பாருங்க" என்று அவர் கண்ணெதிரிலேயே அடித்துக் காட்டினேன்.

"ஏய், ஏன் மூச்சை அடக்குறே?"

"மருந்தடிக்கிறப்ப மூச்சை இழுத்தா செத்துருவேன்னு கங்காணி சொல்லியிருக்காருய்யா!"

டாக்டரும் கம்பவுண்டரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டர் சொன்னார்: "அது பூச்சிக்கு. இதை அமுக்குறப்பவே மெதுவா உள்ளே இழு, அப்புறம் அடக்கு."

இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு லேசானது.

ஆத்திரம் மட்டும் இன்றுவரை அடங்கவில்லை. செடிக்கு மருந்தடிக்க என்னை ஒரு நாள் முழுக்கப் பழக்கினார்கள். என் நெஞ்சுக்குப் போகிற மருந்தைப் பற்றிச் சொல்ல, அவர்கள் சிரித்த நேரத்தில் பாதி போதுமே!