கறுப்பு ராஜாக்கள்

எங்கள் ஆம்பூர் வீட்டில் ஒரே ஷோகேஸ். மேல்தட்டில் நான் தேடித் தேடிச் சேர்த்த பழங்கால வெண்கலப் பதக்கங்கள், எல்லாம் ராஜா தலை பொறித்தவை. கீழ்த்தட்டு என் ஓரகத்தியுடையது. காட்பாடி பழைய சாமான் கடையில் நான் கண் வைத்திருந்த கோட்டைச் சண்டை பொறித்த பதக்கத்தை அவள் முந்திக்கொண்டு வாங்கிவிட்டாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பழைய பதக்கத்தில் கறுப்பைத் தேய்த்தால் மதிப்பு போய்விடும் என்று கடைக்காரர் எனக்குச் சொல்லியிருந்தார். அவளுக்குத் தெரியாது.

“இன்னாடி, இவ்ளோ அழுக்கா வெச்சிருக்க? புளி போட்டுத் தேய்” என்றேன்.

“சரிக்கா” என்று உட்கார்ந்து தேய்த்தாள். நான் முந்தானைக்குள் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் பளபளவென்று மின்னிய அவளுடைய சண்டைப் பதக்கத்தையே சுற்றி நின்றார்கள். என் நாத்தனார் மேல்தட்டைப் பார்த்துவிட்டு, “இன்னா அண்ணி, உன் ராஜாங்கல்லாம் கரி மூட்டையா தூக்கினாங்க?” என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கறுப்பா இருந்தாதான்டி மதிப்பே! தேச்சா போச்சு!” என்று கத்திவிட்டேன்.

ஓரகத்தி மெதுவாகத் திரும்பினாள். “அப்ப என்னை ஏங்கா தேய்க்கச் சொன்ன?”

“தயிர் பச்சடி பத்தல” என்று சமையல்கட்டுக்குள் போய்விட்டேன்.