பத்து மாடும் ஒரு மணியும்

பொழுது நன்றாக விடிவதற்குள் பாதி மலை இறங்கிவிட்டேன். தலையில் நனைந்த கம்பளி, கையில் ஒரு கோப்பிக் கம்பு, வயிற்றில் ஒரு சிரட்டைக் கஞ்சி. புசல்லாவைக்கு மேலே இருந்த அந்தக் கோப்பித் தோட்டத்துக்கு இனித் திரும்புவதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் நடந்தேன். அதற்கு முன் நான்கு தோட்டங்களை விட்டு இப்படி நடந்திருக்கிறேன். எதற்கும் திரும்பிப் போனதில்லை.

புயல் ஓய்ந்து அன்றைக்கு நான்காம் நாள். கூலிகள் குடியிருந்த மேல் லயத்தில் மூன்று பேரை மண் மூடியது. நாங்களே தோண்டி எடுத்தோம், நாங்களே வேறு இடத்தில் புதைத்தோம். தோட்டத்துத் தொரை புயலுக்கு முன்பே கண்டிக்குப் போயிருந்தார். ரோட்டுக்குப் போகும் ஒரே பாதையில் ஓர் இடத்தில் மலை அப்படியே வழுக்கி இறங்கிக் கிடந்தது. ஐம்பது பேர் மேலே, அரிசி கீழே. அவ்வளவுதான் விஷயம்.

உண்மையில் அரிசி மேலேயும் இருந்தது. நாங்களே அதை ஓடைக்குக் கொடுத்தோம். கோப்பி கழுவத் தண்ணீர் வேண்டும் என்பதால் ஸ்டோரை ஓடைக்கரையில் கட்டியிருந்தார்கள். அரிசி மூட்டைகளும் அங்கேதான் கிடக்கும். புயலின் இரண்டாம் நாள் பிற்பகலில் ஓடை ஏறியது. ஸ்டோருக்குள் ஒரே இருட்டு. கண்ணை மூடிக்கொண்டு தூக்கினாலும் அரிசி மூட்டை எது, கோப்பி மூட்டை எது என்று எங்கள் தோளுக்குத் தெரியும். அரிசிதான் கனம். ஆகவே கனத்த மூட்டைகளாகப் பார்த்துப் பதினாறை மேட்டுக்கு ஏற்றினோம். மிச்சத்தை ஸ்டோரோடு தண்ணீர் கொண்டுபோயிற்று. மறுநாள் அவிழ்த்தால் ஒன்றில்தான் அரிசி. பதினைந்திலும் தண்ணீர் குடித்து ஊறிய கோப்பி. உயரத்தில் பலகை மேல் காய்ந்து கிடந்த அரிசியைக் கனமில்லை என்று விட்டுவிட்டோம்.

"தொரை வந்தா நம்மளத் தூக்கித் தலையில வச்சுக்குவாரு" என்றார் எங்கள் கங்காணி.

கங்காணியின் மகள் பிள்ளை பெற்று ஒன்பது நாள். காய்ச்சல் வேறு. மண்சரிவில் கால் தொடை வரைக்கும் புதையும், அவளைத் தூக்கிக்கொண்டு கடக்க முடியாது. நாளை மறுநாளுக்குள் அரிசி வராவிட்டால் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்குவதா, அவளோடு இருந்துவிடுவதா என்று கங்காணி முடிவு செய்ய வேண்டியிருந்தது. முந்தின இரவு அவர் அதைப் பேசியதை அவள் லயத்துக்குள் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க போங்கப்பா. பேரனுக்கு நான் கோப்பித்தண்ணி குடுத்து வளர்த்துக்கிறேன்" என்றாள். அவளுக்கு வாய் எப்போதும் நீளம்.

கங்காணி என் பக்கம் திரும்பினார். "நீ எப்படியும் ஓடப்போறவன்தானேடா. ஓடுறதே ஓடுற, அரிசி இருக்கிற பக்கமா ஓடு. யாரையாவது பார்த்தாச் சொல்லு."

அதனால்தான் அன்று விடியலில் இறங்கிக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டு அப்படியே கண்டிப் பக்கம் போய்விடுவது என் திட்டம்.

சரிவைக் கடக்க வெகுநேரம் பிடித்தது. கம்பால் குத்திக் குத்திப் பார்த்து, பாறை இருக்கும் இடமாகக் கால் வைத்தேன். இரண்டு தடவை புதைந்தேன். வேரோடு பிடுங்கப்பட்ட கோப்பிச் செடிகள் எங்கும் கிடந்தன, அவற்றைப் பிடித்து ஏறிக்கொண்டேன். அந்தப் பக்கம் இறங்கியதும் வழிப்போக்கர் தங்கும் பாதையோரத்து அம்பலத்தில் புகை தெரிந்தது. பத்துப் பொதிமாடுகள், மூன்று ஆட்கள். வண்டி போகாத இடங்களுக்கு மாட்டு முதுகில் சாமான் ஏற்றிப் போகும் அலவத்துகொடை ஊர் முஸ்லிம்கள். மாட்டுக்கு இரண்டு பொதி. எல்லாம் எங்கள் தோட்டத்துக்கு வர வேண்டிய அரிசி!

"மேலுக்கு ஆக்கள் உசிரோட ஈக்கிறாங்களா?" என்று கேட்டார் அவர்களின் தலைவர். நாற்பது வயது இருக்கும், தாடியெல்லாம் சேறு.

"இருக்காங்க நானா. நாளைக்கு மட்டும்தான் கஞ்சி. பிள்ளை பெத்தவ ஒருத்தி இருக்கா." முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"நான் என்ன செய்ய தம்பி? முந்தாநாளே வந்துட்டம். என்ட முன்மாடு சறுக்கிப் பள்ளத்துல உழுந்து மவுத்தாப் போச்சு. அது இல்லாம மத்ததுகள் ஒரு அடி எடுத்து வெக்காது. மழை திரும்ப வரப்போகுது. பகலைக்குத் திரும்பிப் போகப்போறம்."

முன்மாட்டின் கழுத்தில் மட்டும்தான் மணி கட்டுவார்கள். மற்ற மாடுகளுக்கு வழி தெரிய வேண்டியதில்லை, மணிச் சத்தத்துக்குப் பின்னால் நடந்தால் போதும். செத்த மாட்டின் மணியை இன்னொரு மாட்டுக்குக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். அது மணி எங்கே கேட்கிறது என்று தன்னையே சுற்றிச் சுற்றிப் பார்த்ததாம். அடித்தும் பார்த்திருக்கிறார்கள். மாடுகளின் முதுகில் அடித்த தடம் தெரிந்தது.

"மணியை என்கிட்டக் குடுங்க. நான் முன்னால போறேன்" என்றேன்.

இளைய ஆள் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். "நானா, இந்த மாட்டுக்குப் புல்லு யார் வெட்டுற?"

தலைவர் சிரிக்கவில்லை. "நாங்க எப்பவும் மாட்டுக்குப் பின்னால வாற ஆக்கள். அதுகளுக்கு எங்கள முன்னால பாத்துப் பழக்கமில்ல. நீ புதுசு. கட்டிப் பாப்பம்" என்றார். வார்ப்பட்டை என் கழுத்துக்குப் பெரிது. இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார்.

முதலில் பாதையைச் செய்தோம். நான் காட்டிய இடங்களில் கோப்பிச் செடிகளை இழுத்துப் போட்டு மிதித்து, ஒரு முழ அகலத்துக்கு ஒரு வழி. அது முடியவே மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு நான் மணியோடு நடந்தேன். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தால் ஒரு மாடும் வரவில்லை.

"ஓடாத! மாடு அப்படியா நடக்கும்? நீ ஓடினா மணி பிழையாக் கேக்கும்!" என்று தலைவர் பின்னாலிருந்து கத்தினார்.

எனக்கு அதுதான் கஷ்டம். சிறு வயதிலிருந்தே நடையில் வேகம். பள்ளிக்கூடத்தை இரண்டு வருஷத்தில் விட்டதும் உட்கார முடியாமல்தான். இப்போது ஒரு அடி வைத்து, நிறுத்தி, தோளை ஆட்டி, அடுத்த அடி வைத்தேன். மணி மாட்டுக் கழுத்தில் கேட்பது போல மந்தமாக அடித்தது. பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மாட்டின் மூச்சு என் முதுகில் பட்டது.

சரிவின் நடுவில் ஐந்தாவது மாடு பின்காலைத் தப்பாக வைத்துச் சாய்ந்தது. அதன் பொதி இரண்டையும் அறுத்துவிட்டார்கள். அரிசி பள்ளத்தில் போயிற்று, மாடு பிழைத்தது. நான் நிற்கக்கூடாது, மணி நின்றால் எல்லாமே நின்றுவிடும். அதே நடையில் போனேன். அந்தப் பக்கம் கல் தட்டுப்பட்டபோதும் மணியை விடாமல் ஆட்டிக்கொண்டே ஏறினேன்.

லயத்தை அடைந்தபோது வெயில் இன்னும் மலை உச்சியில் இருந்தது. பிள்ளைகள் முதலில் ஓடி வந்தார்கள். கங்காணி என் கழுத்தைப் பார்த்தார், பின்னால் நின்ற மாடுகளைப் பார்த்தார், பொதிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கண் கலங்கியதை மறைக்கச் சத்தமாகப் பேசினார்.

"ஓடிப்போனவன் மாடாத் திரும்பி வந்திருக்கான்!"

"வைக்கல் போடுங்கப்பா அதுக்கு" என்றாள் மகள் உள்ளேயிருந்து. அன்றைக்கு அவளுக்குத்தான் முதல் கஞ்சி போயிற்று. இரண்டு சிரட்டை குடித்தாள் என்று கேள்விப்பட்டேன். யாரும் மலை இறங்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் மாடுகளுக்கு வெறும் சேணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றேன். தலைவர் மணியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"இதுக்கு மேல உள்ள தோட்டங்களுக்கும் அரிசி போகல்ல. புது முன்மாடு பழக ஒரு மாசம் செல்லும். அது வரைக்கும் நீ வாறியா?"

"சோறு?"

"எங்களோட தின்னு. மாட்டோட இல்ல."

குனிந்து கழுத்தைக் காட்டினேன்.