சொரேத்தி இரவல் வாங்கிய கோல்கள்

சொரேத்தி எங்கள் ஊரில் பிறந்தவள். நகரத்துக் கல்லூரியில் படித்துவிட்டு எங்கள் பள்ளிக்கே ஆசிரியையாகத் திரும்பி வந்தாள். வகுப்பு முடிந்ததும் ஏதாவது ஒரு வீட்டில் வந்து உட்காருவாள். காபிக்கொட்டை வறுபடும்போதே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவாள்.

எங்கள் ஊர் ஓடைக்கு இரண்டு பக்கமும் இருப்பது எத்தியோப்பியாவின் ஒரோமோ இனத்தவர்தான். ஆனாலும் மேய்ச்சல் நிலத்துக்காக அடித்துக்கொள்வது மட்டும் ஓயவில்லை. முன்பெல்லாம் சண்டையை எப்படி நிறுத்தினார்கள் என்று கேட்டு எழுதி, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பாடமாகச் சொல்லிவிட வேண்டும் என்று அவள் தவித்தாள்.

நிறுத்தியவர்கள் பெண்கள். கல்யாணத்தன்று அம்மா மகளுக்குக் கொடுக்கும் மெல்லிய கோலுக்கு சிங்கே என்று பெயர். அதைப் பிடித்துக்கொண்டு பெண்கள் குறுக்கே நின்றால் எந்த ஆணும் தாண்டமாட்டான்; அது இருக்கும் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியை அடிக்கமாட்டான். இந்த வழக்கங்களை வயதில் மூத்த லோமி அளவுக்கு அறிந்தவர்கள் கிடையாது. சொரேத்தி பெரும்பாலும் அவள் வீட்டில்தான் இருப்பாள்.

ஒருநாள் தான் படித்த கல்லூரியில் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொல்லி, இரண்டு கரையிலும் கோல்களைக் கேட்டு வந்தாள்.

"ஒரு வாரந்தான் அக்கா. எல்லாருக்கும் காட்டிட்டு நானே கொண்டாந்து கொடுத்துடுறேன்."

"நான் பாக்காத காலேஜை என் கோல் பாக்கப்போகுதா?" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு தின்கித்து.

"கொடுத்துடாதடி, கோல் இல்லேன்னு தெரிஞ்சா உன் புருஷன் இன்னிக்கே கையை ஓங்கிடுவான்" என்றாள் லோமி.

"அவரா? கோழியை விரட்டவே யோசிக்கிற மனுஷன்!"

எல்லோரும் கொடுத்தோம். பெருமையாகத்தான் இருந்தது.

கண்காட்சிக்குக் கூட்டம் வந்தது. இன்னும் சில நாள் இருக்கட்டும் என்று கல்லூரிக்காரர்கள் கேட்டார்கள். சொரேத்தி சரி என்றுவிட்டாள்.

அந்தச் சில நாளுக்குள், அக்கரை மாடுகள் எங்கள் பார்லி வயலில் இறங்கின. ஆண்கள் ஈட்டியும் கல்லுமாக ஓடினார்கள். நாங்கள் குரலெழுப்பிக்கொண்டு பின்னால் ஓடினோம். வெறுங்கையோடு எப்படி நிற்பது? கிடைத்த விறகுக்குச்சியை எடுத்துக்கொண்டு வரிசையாகக் குறுக்கே நின்றோம். ஆண்கள் நின்றார்கள். நிஜமாகவே நின்றார்கள். பிறகு அக்கரைப் பையன் ஒருவன் எங்கள் கைகளைப் பார்த்தான்.

"இது அடுப்புல வைக்கிற குச்சிதானே அத்தை? தள்ளுங்க."

வரிசை உடைந்தது. தின்கித்துவின் கணவன் பதாசோ, மாடுகளை ஓட்டிவிடத்தான் போயிருந்தான். தலையில் கல் பட்டு விழுந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

செய்தி கேட்டு சொரேத்தி கோல்களைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். வீடு வீடாகப் போய்க் கொடுத்தாள். நாங்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டோம். கடைசியில் சொரேத்தி தின்கித்துவின் முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

"திட்டுங்கக்கா. ஒரு வார்த்தையாவது திட்டுங்க. நான் அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்கணும்."

"எங்ககிட்ட கேட்டிருக்கணும்" என்றாள் தின்கித்து மெதுவாக. "கேட்டிருந்தா நாங்களும் சரின்னுதான் சொல்லியிருப்போம். ஆனா நீ கேக்கலியே."

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். உயிருக்கு ஈடாக அக்கரையிலிருந்து மாடுகள் வந்தன. இரண்டு பக்கமும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். பிள்ளைகள் மறுபடி ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

சொரேத்தி இப்போதும் வருகிறாள். காபி கொடுக்கிறோம், பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்கிறோம். பழைய வழக்கம் எதையாவது அவள் கேட்டால் மட்டும், "ஞாபகமில்லம்மா" என்கிறோம். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. அப்படித்தான் வாயில் வருகிறது. லோமியும் அதையேதான் சொன்னாள். சொரேத்தி வற்புறுத்துவதில்லை. கொஞ்ச நேரம் எங்களோடு பார்லி புடைத்துவிட்டுப் போய்விடுவாள். சொல்லியிருக்கலாமே என்று அவள் போன பிறகு தோன்றும்.

போன மழைக்காலத்தில் லோமி இறந்துவிட்டாள். தனக்குத் தெரிந்ததில் பாதியைக்கூட அவள் சொரேத்தியிடம் சொல்லியிருக்கவில்லை.