மச்சான் இரண்டு முறை போட்ட வாசல்

மச்சான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அது என் வாப்பாவின் நாற்காலி. பிரேக்கை எடுத்துவிட்டு, கைகளை மடியில் வைத்து, கால் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு, பஸ்ஸில் தூங்குகிறவர்போலக் கண்ணை மூடியிருக்கிறார். செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு வாசலில், பாதி பேவர் கல் பதித்திருந்தபோது கண்ட காட்சி இது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குத்தான் வெட்கம், அவருக்கு அதெல்லாம் கிடையாது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன், சிதம்பரத்துக்காரர். துபாயில் பங்களாக்களுக்குக் கல் பதிக்கிற வேலை. அந்த வருஷம் இரண்டு மாத லீவில் வந்திருந்தார்.

வாப்பா இடுப்பெலும்பு முறிந்து நாற்காலிக்கு வந்து அப்போது ஒன்றரை வருஷம். வீட்டுக்குள் தானே உருட்டிக்கொண்டு திரிவார். வாசல் முழுக்க மணல், சக்கரம் புதைந்துவிடும். எங்கள் சொந்தத்தில் வெளிநாடு போகிறவர்கள் வீடு வீடாக வந்து பயணம் சொல்லிக்கொள்வார்கள். அத்தனை பேரையும் வாசல் கேட் வரை வந்து, நல்லபடியாகப் போய்வர துஆ செய்து அனுப்பியவர் வாப்பா. விழுந்த பிறகு கூடத்திலேயே கைகொடுத்து அனுப்பிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். தூக்கிக்கொண்டு போகிறேன் என்றால் "நான் என்ன சாமானா?" என்று சீறுவார். இதை ஒருநாள் பார்த்துவிட்ட மச்சான், "கல்ல மட்டும் எறக்கிப் போடுங்க மச்சான், மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார்.

தினமும் காலையில் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார். ஜல்லி கொட்டி இடித்து, மேலே மணலைப் பரப்பி, நூல் கட்டி, ஒவ்வொரு கல்லையும் ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வைத்தார். நான் ஆபீஸ் போகிற அவசரத்திலும் ஐந்து நிமிஷம் நின்று பார்ப்பேன். இரண்டு கல்லுக்கு நடுவில் விரல் நகம்கூட நுழையாது. முடித்த அன்று அடுப்படியிலிருந்து ஒரு முட்டையை எடுத்துவந்து நடுவில் வைத்தார். "பாத்தீங்களா? உருளாது. அங்கல்லாம் இப்படித்தான் கேப்பாங்க" என்றார். நானும் மெச்சிக்கொண்டேன். வருஷத்தில் இரண்டு நாள் தூறுகிற ஊர்க் கணக்கு அது என்று எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்து ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. விடிந்து பார்த்தால் வாசல் குளம். வாப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சேதி கேட்டு நனைந்துகொண்டே வந்த மச்சான், தண்ணீரில் இறங்கிக் காலால் ஆழம் பார்த்தார். கல்லைக் குறை சொல்லவில்லை, மண்ணைக் குறை சொல்லவில்லை. "தப்பு என்னுது. தண்ணி ஓட வாட்டம் உடாம போட்டுட்டேன். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போடறேன்" என்றார். மூலையில் ஒரு ஓட்டை போட்டுக் குழாய் வைத்தால் போதாதா என்று கேட்டேன். "மாமா வர்ற வழியில ஒட்டு வேல வேணாம் மச்சான்" என்றார், வாப்பாவைச் சொல்லி. அவர் லீவு முடிய ஆறு நாள்தான் இருந்தது. பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கவேண்டிய ஆறு நாள் அது. என் ஆயுசில் எத்தனையோ தப்புகளை நான் மழுப்பியிருக்கிறேன். அன்று அவரைப் பார்க்கப் பொறாமையாகக்கூட இருந்தது.

தார்ப்பாயைக் கட்டி, மழை விட்ட நேரமெல்லாம் வேலை. இந்த முறை சிக்கல் வேறு. தண்ணீர் ஓடவேண்டும், நாற்காலி ஓடக்கூடாது. அதனால்தான் கொஞ்சம் பதித்ததும் அவரே ஏறி உட்கார்ந்து பார்த்தார். முதல் தடவை நாற்காலி அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டில் இடித்தது. "மாமா, இப்படியே உட்டா தேவனாம்பட்டினம் கடலுக்கே போயிடுவீங்க" என்றார். மழைக்குப் பிறகு வாப்பா அப்போதுதான் சிரித்தார். மறுபடி பிரித்து, கேட் பக்கம் நூலை ஒரு விரல் ஏற்றிக் கட்டினார். அப்புறம் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தார். தண்ணீர் அவரைக் கடந்து ஓரத்துக் கால்வாய்க்குப் போனது. நாற்காலி நகரவில்லை.

மச்சான் இப்போதும் துபாயில்தான். இங்கே மழை என்று டிவியில் பார்த்தால் போதும், "தண்ணி நிக்குதா?" என்று போன் வரும். நின்றதே இல்லை. அந்தக் கவலை அவருக்கு ஏன் தீரவில்லை என்று எனக்குத் தெரியும்; அவர் புறப்பட்ட நாளில் நானும் இருந்தேன். பயணம் சொல்லிக்கொள்ளக் கூடத்துக்கு வந்து கையை நீட்டினார். வாப்பா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. "நீ முன்னால போ" என்றார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வாசலைக் கடந்து கேட்டுக்கு வந்து, கையேந்தி நீளமாக துஆ செய்தார். மச்சான் குனிந்து வாப்பாவின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு காரில் ஏறினார். கார் தெருமுனை திரும்பியதும், வாப்பா நனைகிறாரே என்று நாற்காலியின் பின்னால் கை வைத்தேன்.

"கைய எடு" என்றார் வாப்பா. "தானா வந்தவனுக்கு உள்ள போவத் தெரியாதா?"