கண்ணாடி வயிற்றுக்குப் போன இட்லி

எனக்கு வயது எழுபத்தாறு. நாலு பிள்ளைகளை வளர்த்தேன். ஒருத்தரையும் பசியோடு படுக்கவிட்டதில்லை. கடைசி மகளுக்குக் கோயமுத்தூரில் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. மாத்திரை வயிற்றுக்குள் எப்படிக் கரைகிறது என்று பார்க்க, அங்கே கண்ணாடியில் இரைப்பையும் குடலும் செய்து வைத்திருக்கிறார்கள். அதற்கு வேளை தவறாமல் ஊட்டுகிற இவளுக்கு வயிற்றில் புண்.

நேற்றும் மூட்டு வலியோடு பஸ் ஏறி, தூக்குப்போசியில் தயிர்சோறு கொண்டுபோனேன். அதற்கு வழக்கமாக ஊற்றுகிற கேண்டீன் இட்லி வரவில்லையென்று, நான் காலையில் அவளுக்குக் கொடுத்தனுப்பிய இட்லியைக் கரைத்து அந்தக் கண்ணாடி வயிற்றுக்கு ஊற்றியிருந்தாள்.

"அப்ப நீ என்ன தின்ன அம்மணி?"

"அதுக்கு நேரமாயிருச்சுங்கம்மா. உங்க இட்லி நல்லாச் செரிக்குதுங்க."

"என் இட்லி செரிக்காம என்ன பண்ணும்? அதுக்கு வாயிருந்தா இன்னும் ரெண்டு கேட்டிருக்கும். உனக்கு வாயிருந்தும் கேக்கமாட்டீங்கற."

கூட வேலை செய்கிற பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. அவள் தயிர்சோற்றில் நாலு வாய் தின்பதற்குள் அந்தக் கண்ணாடி வயிற்று மெஷின் மணியடித்துக் கூப்பிட்டது, எழுந்து போய்விட்டாள்.

இனி என்னால் பஸ் ஏற முடியாது. வாயால் சொன்னால் அவள் கேட்பதில்லை. அதனால் எழுத்துக் கூட்டி இதை எழுதினேன்.

பேத்தி கண்ணு, உங்கம்மா ஊட்டுக்கு வந்துட்டா. அவ காதுல உழுகற மாதிரி இதை ஒருக்கா படி சாமி.