ஹெலன் ஒட்டிய அம்புகள்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஹெலனுக்குக் குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். தையல் பிசகினாலும் தோலில் கீறல் தெரிந்தாலும், அந்த இடத்தில் அம்பு போட்ட குட்டிச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி ஜோடியைத் திருப்பி அனுப்பிவிடுவாள். கெட்டிக்காரிதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அந்தக் கண்ணைக் கம்பெனி கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வர அவளுக்குத் தெரியாது. தக்காளிக்காரர் கொசுறு போட்டால், அழுகலைத் தள்ளிவிடுகிறாரோ என்று பையையே கவிழ்ப்பாள். சர்ச்சில் புதுசாக யாராவது ஸ்தோத்திரம் என்று வணக்கம் சொன்னால், இவங்களுக்கு நம்மிடம் என்ன காரியம் என்று யோசிப்பாள்.

இப்படிப்பட்டவளிடம் போய் அவள் புருஷன் ஜெஸ்டன், ஒரு பழைய இத்தாலி கார் சல்லிசாக வருகிறது என்றான்.

ஜெஸ்டன் மெக்கானிக். கல்யாணமான நாளிலிருந்து இன்னொருவர் ஷெட்டில்தான் வேலை. கார், தோல் வியாபாரக் குடும்பத்து பில்கிஸ் அம்மாவுடையது. லான்சியா கம்பெனி வண்டி. இந்தப் பக்கத்தில் அப்படி இன்னொன்று கிடையாது. அதைத் தேற்றிக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டால், இனி எந்த முதலாளியிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். ஜெஸ்டனுக்கு வேறு ஆசையே இல்லை. ஆனால் சீட்டு எடுத்த பணம் ஹெலன் கணக்கில் இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து இருவரும் போனார்கள். பில்கிஸ் அம்மா டீ கொடுத்தார்.

"எங்க மாமனார் தோல் விக்க மிலான் போனப்போ, அங்க ஒரு டாக்டர் ஓட்டிக்கினு இருந்த வண்டிம்மா. கப்பல்ல கொண்டாந்தாரு. பெங்களூர்ல ஒருத்தர் ஜாஸ்தி தர்றேன்னு போன் மேல போன் பண்றாரு. எனக்கு இது நம்ம தம்பி கைல இருந்தா போதும். ரம்ஜானுக்கு ஒருதடவ என்னை ஏத்திக்கினு ஊரைச் சுத்தினா சரி."

அவ்வளவுதான், ஹெலனின் கம்பெனிக் கண் விழித்துக்கொண்டது. ஜாஸ்திக்கு ஆள் இருக்கும்போது கம்மிக்குக் கொடுப்பார்களா யாராவது? டீயைத் தொடாமல் கைப்பையைத் திறந்தாள். உள்ளே ஸ்டிக்கர் இருந்தது.

வாசலில் நின்ற வண்டியின் மட்கார்டில் ஒன்று ஒட்டினாள். கண்ணாடி ரப்பரில் ஒன்று. கதவுகள் அலமாரி மாதிரி எதிரெதிராகத் திறந்தன, இரண்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய தூணையே காணோம். எவனோ அறுத்து எடுத்திருக்கிறான் என்று அங்கேயும் ஒன்று.

"அதைச் செஞ்சதே அப்படித்தான் ஹெலன்," என்றான் ஜெஸ்டன்.

அவள் காதில் வாங்கவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தவள், போனை எடுத்துத் தட்டினாள். இத்தாலியில் ஸ்டியரிங் இடது பக்கமாம். இதில் வலது பக்கம் இருந்தது.

"பாத்தீங்களா? மிலான்ல ஓடின வண்டிக்கு ஸ்டியரிங் எப்படி இந்தப் பக்கம் வரும்? இது எங்கயோ ஒட்டுப்போட்டு, பேரை மட்டும் மாட்டின வண்டி."

"இந்தக் கம்பெனிக்காரன் அவன் ஊர்லயே வலது பக்கம்தான் வெச்சான். சத்தியமா சொல்றேன் ஹெலன்."

"யார் சொன்னா? இந்தம்மாவா?"

சொல்லிவிட்டு ஸ்டியரிங் நடுவிலும் ஓர் அம்பை ஒட்டினாள். போட்டோவும் எடுத்துக்கொண்டாள். பில்கிஸ் அம்மாவின் முகம் சுண்டிப்போனது. "இவ்ளோ சந்தேகம் வெச்சிக்கினு வாங்க வேணாம்மா," என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பெங்களூர்க்காரர் வருவதற்குள் ஜெஸ்டன் தனியாகப் போய், அத்தனை அம்புகளையும் பசை தெரியாமல் துடைத்துவிட்டு வந்தான். வண்டி போயிற்று. அவன் பழையபடி ஷெட்டுக்கே வேலைக்குப் போனான். ஹெலனோ, பெரிய மோசடியிலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டதாகக் கேன்டீனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சீசனுக்கு, ஆர்டர் கொடுத்த இத்தாலி கம்பெனியிலிருந்து ஒரு டெக்னீஷியன் சரக்குப் பார்க்க வந்தார். இவரும் ஆமாம் என்றால் பேச்சே இல்லை என்று ஹெலன் அந்தப் போட்டோவைக் காட்டினாள். மனிதர் துள்ளிக் குதிக்காத குறை. லான்சியா! எங்கள் ஊரிலும் அந்தக் காலத்தில் வலது பக்கம்தான், மலைப்பாதையில் டிரைவருக்கு ஓரம் தெரிய வேண்டுமே, என்று கையால் வளைத்து வளைத்துக் காட்டினார். நடுத்தூண் இல்லாததுதான் அதன் பெருமையே என்றார்.

ஹெலனுக்கு அன்று வேலை ஓடவில்லை. சாயங்காலம் ஜெஸ்டன் வாசல் குழாயில் கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றாள்.

"நீங்க சொன்னது நெசம்தாங்க. கம்பெனிக்கு வந்த இத்தாலிக்காரரே சொல்லிட்டாரு."

அவன் குழாயை மூடினான். முகத்தில் கோபம் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வண்டி போனா போவுது ஹெலன். எங்கிருந்தோ வந்தவர் சொன்னாரு, உடனே நம்பிட்ட. நான் சத்தியம் பண்ணப்போ, யார் சொன்னான்னு கேட்ட."