வேனுக்கு வெளியே நின்ற ஹனீபா காக்கா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரிக் கதைகளை நம்புகிற ஆள் இல்லை நான். ஜின் என்று ஒரு படைப்பு இருப்பதாக மார்க்கம் சொல்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஜின் வேறு வேலை இல்லாமல் புத்தளத்து ஆட்களின் கிணற்றடியில் வந்து குந்திக்கொண்டிருக்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுவேன். நான் தாதி. காய்ச்சல் தலைக்கு ஏறினால் மனிதன் என்னென்ன பேசுவான், எதையெல்லாம் காண்பான் என்று வார்டில் நின்று பார்த்தவள். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது. உங்கள் முகத்தைப் பார்த்தால் நம்பப் போவதில்லை என்று தெரிகிறது, பரவாயில்லை, கேட்டுவிட்டுப் போங்கள்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு தொண்டு நிறுவனத்தின் நடமாடும் வைத்திய வேனில் அப்போது வேலை செய்தேன். வீடு வாசல் இல்லாமல் கிடக்கிறவர்களை அவர்கள் கிடக்கும் இடத்துக்கே தேடிப் போய் மருந்து கொடுப்பதுதான் எங்கள் வேலை. பஸ் நிலையம், மீன் சந்தை, பூட்டிக் கிடக்கும் கடைகளின் வாசல், கைவிடப்பட்ட இறால் பண்ணைகள் என்று இந்தக் கரையில் நாங்கள் போகாத மூலை இல்லை. வேனின் பின்பக்கத்தில் ஒரு கட்டில், ஒரு மருந்து அலுமாரி, நான் இருக்க ஒரு சின்னக் கதிரை, அவ்வளவுதான். நோயாளியை வெளியில் இருப்பவர்கள் பார்க்கக் கூடாது என்று கண்ணாடிகளுக்கெல்லாம் வெள்ளைப் பூச்சு அடித்திருந்தார்கள். சாரதி இருக்கைக்கும் எங்களுக்கும் நடுவில் பலகை. ஏறுவதும் இறங்குவதும் பின்கதவால் மட்டும்.

ஹனீபா காக்கா மன்னார் ஆள். தொண்ணூறில் வடக்கில் இருந்து முஸ்லிம்களை விரட்டியபோது எல்லோரையும் போல வெளியேறி வந்து, புத்தளத்தில் கரைத்தீவுப் பக்கம் ஓலைக் குடிசையில் இருபது வருடம் இருந்தவர். மனைவி அங்கேயே மௌத்தாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. யுத்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பிப் போனார். அங்கே காணி காடாகிக் கிடந்தது, எல்லைக்கல்லைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. சரி என்று இங்கே திரும்பி வந்தால் குடிசை இருந்த இடத்தில் வேறு ஆள் கல்வீடு கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு ஊரிலும் இடம் இல்லாமல் போன மனிதர், மதுரங்குளிக்கு உள்ளே களப்புப் பக்கமாக இருந்த பாழடைந்த இறால் பண்ணையின் மோட்டர் கொட்டிலில் வந்து படுத்துக்கொண்டார். சீனி வருத்தம் இருந்தது. இடது காலில் ஆறாத புண். வாராவாரம் போய் மருந்து கட்டுவேன்.

அந்தக் கொட்டிலுக்குப் பாதிக் கூரை இல்லை. ஆனால் கதவை மட்டும் உள்பக்கம் பலகை பலகையாக வைத்து அடைத்திருப்பார். நாங்கள் போனால் ஒவ்வொன்றாகக் கழற்றித் திறப்பார்.

“கூரையே இல்ல காக்கா, கதவுக்கு எதுக்கு இவ்வளவு பலகை?” என்று ஒருநாள் கேட்டேன்.

“மழைக்கு மிஸ்ஸி” என்றார், தாதிமாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். சாரல் அடிக்காமல் இருக்க என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று நாங்கள் போனபோது அவருக்கு உடம்பெல்லாம் கொதித்தது. புண் கறுத்து, நாற்றம் வேறு மாதிரி மாறியிருந்தது. டொக்டருக்கு போன் பண்ணினேன், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார். எங்கள் சாரதி அன்டன் அண்ணன், சிலாபத்துக் கடற்கரை ஆள், காக்காவைத் தூக்கிக் கொண்டுவந்து வேனில் கிடத்தினார். பண்ணையில் இருந்து வெளியே வரும் வழி, இரண்டு பக்கமும் பழைய இறால் குளங்கள், நடுவில் ஒடுங்கிய மண் அணை. பாதி வழியில் மழை பிடித்தது. ஐப்பசி மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. கொஞ்ச நேரத்தில் சில்லு சேற்றுக்குள் இறங்கி வேன் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றுவிட்டது.

“மிஸ்ஸி, நான் போய் ட்ரக்டர் ஒண்டு கொண்டு வாறன். கீழ இறங்காதீங்க, அணை வழுக்குது, குளத்துக்குள்ள போயிருவீங்க” என்று சொல்லிவிட்டு அன்டன் அண்ணன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனார்.

பகல்தான், பின்னேர அசர் தொழுகைக்கு பாங்கு சொல்லும் நேரம்கூட ஆகவில்லை. ஆனால் உள்ளே மங்கலாக இருந்தது. என்ஜின் ஓடாததால் காற்று இல்லை, மருந்தும் புண்ணும் வியர்வையும் சேர்ந்த வாடை. சேலைன் ஏற்றிவிட்டு, காக்காவின் நெற்றியை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடிக் கிடந்தார்.

அப்போது பின்கதவில் தட்டினார்கள். மெதுவாகத்தான்.

“மிஸ்ஸி, கதவத் தொறங்க. நனையுறன்.”

அது ஹனீபா காக்காவின் குரல். அவர் ‘மிஸ்ஸி’ என்று சொல்லும்போது கடைசியில் சின்னதாக ஒரு இழுவை இருக்கும், அந்த இழுவை. நான் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். ஹனீபா காக்கா அங்கேதான் கிடந்தார். கண்ணைத் திறந்திருந்தார். வாய் அசையவில்லை.

“தொறக்காதீங்க புள்ள” என்றார், காற்றுக்குக்கூடக் கேட்காத மாதிரி.

வெளியில் மறுபடி தட்டல். “கால் வலிக்குது மிஸ்ஸி. நிக்க ஏலாம இருக்கு.”

எங்கள் வேலையே கதவைத் திறப்பதுதான். மழையில் நின்று கால் வலிக்கிறது என்று ஒருவர் கெஞ்சினால் திறக்காமல் இருக்க எனக்குப் பழக்கம் இல்லை. நான் எழும்பி கதவுப் பிடியில் கையை வைத்துவிட்டேன், வல்லாஹி, வைத்துவிட்டேன். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்தக் காய்ச்சலில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

“அது மழைக்கு வரும். நான் எங்க படுத்தாலும் வரும். அதுக்குப் பயந்துதான் நான் ஒருத்தர்ட வீட்டுலயும் போய்ப் படுக்கிறல்ல. அவங்க தொறந்திருவாங்க.”

அன்டன் அண்ணனுக்கு போன் எடுத்தேன். ட்ரக்டர்காரரைப் பிடித்துவிட்டாராம், வந்துகொண்டிருக்கிறாராம். “அது யாரு மிஸ்ஸி தட்டுறது?” என்று அவரே கேட்டார். போனுக்குள்ளால் அவருக்கும் கேட்டிருக்கிறது, அதைக் கவனியுங்கள். “கெதியா வாங்க” என்று மட்டும் சொன்னேன்.

பிறகு எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். ஓதி முடிக்கும்போது தட்டல் நின்றிருந்தது. மழைச் சத்தம் மட்டும். காக்கா பெருமூச்சு விட்டார். எனக்கும் உயிர் வந்த மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே போனது. அதற்குப் பிறகு மறுபடி கதவு தட்டப்பட்டது.

“காக்கா, கதவத் தொறங்க. நான்தான், மிஸ்ஸி.”

அது என் குரல்.

சொந்தக் குரலை வெளியில் இருந்து கேட்டிருக்கிறீர்களா? போனில் பதிவு பண்ணிக் கேட்டால் கொஞ்சம் அந்நியமாக இருக்கும் இல்லையா, அப்படி அந்நியமாகக்கூட இல்லை. “காக்கா, உள்ளுக்கு உங்களோட இருக்கிறது ஆரு?” என்று அது கேட்டது. அழுகிற குரலில் கேட்டது. நான் அப்படி அழுதால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

நான் ஹனீபா காக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? கட்டிலின் மறுமூலைக்கு ஒதுங்கிவிட்டார். சேலைன் குழாய் கழன்று தொங்கியது. தட்டில் கிடந்த கத்தரிக்கோல் அவர் கையில் இருந்தது.

“நீங்க ஆரு?” என்றார்.

“நான்தான் காக்கா, ரிஸானா மிஸ்ஸி” என்றேன். அதே நேரம் வெளியிலும் அது அதையே சொன்னது. இரண்டும் சேர்ந்து ஒரே குரலாகத்தான் கேட்டது.

அதற்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை. பேசினால் அதுவும் பேசும். வெளியே இறங்க முடியாது, அங்கே அது நிற்கிறது. உள்ளே கத்தரிக்கோலோடு ஒரு மனிதர், இத்தனை மாதம் என் கையால் மருந்து கட்டிய மனிதர், நான் கொஞ்சம் அசைந்தாலும் குத்திவிடுவார் போல நடுங்கிக்கொண்டிருக்கிறார். அவர் மேல் பிழை சொல்ல முடியாது. அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். அவர் கையில் இருந்து இரத்தம் சொட்டியது, நான் போய்ப் பஞ்சு வைத்து அழுத்த வேண்டும், போக முடியவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து நிலத்தில் குந்திவிட்டேன். அந்தப் பக்கமும் யாரோ கதவில் சாய்ந்து உட்கார்கிற மாதிரித் தகரம் அமுங்கியது. முதுகில் அது எனக்குத் தெரிந்தது.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். ட்ரக்டர் சத்தம் கேட்டபோது எனக்குக் கால் விறைத்துப் போயிருந்தது. அன்டன் அண்ணன் கதவைத் தட்டிக் கூப்பிட்டார், நான் திறக்கவில்லை. அவருக்கு ஆத்திரம் வந்து சாவியைப் போட்டு அவரே திறந்தார். வெளிச்சத்தையும் ட்ரக்டர்காரரையும் பார்த்த பிறகுதான் அழுகை வந்தது. அன்டன் அண்ணன் என்னையே ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீங்க நனையாம காய்ஞ்சு போய் இருக்கீங்களே மிஸ்ஸி” என்றார். “தூரத்துல வரக்குள்ள பார்த்தன், கதவடியில மழைக்குள்ள குந்திக்கொண்டு இருந்தீங்க. இறங்க வேணாம் எண்டனே எண்டு ஏசத்தான் ஓடி வந்தன்.”

காக்காவை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். காலில் இரண்டு விரல் எடுத்தார்கள், உயிர் தப்பியது. ஆஸ்பத்திரியில் அவர் என்னைக் கிட்டவே விடவில்லை. வேறு தாதிதான் மருந்து கட்டினார். காய்ச்சலில் குழம்பியிருக்கிறார் என்று டொக்டர் சொன்னார். நானும் தலையாட்டினேன். டொக்டரிடம் இதை எப்படிச் சொல்வது?

இப்போது அவர் முதியோர் இல்லம் ஒன்றில் இருக்கிறார். அங்கே மழைக்கு ஒன்றும் வருவதில்லையாம், அந்த நாளுக்குப் பிறகு ஒருநாளும் வரவில்லையாம். அது எங்கே போனது என்று அவரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டு போவேன். ஜன்னல் கம்பிக்குள்ளால் வாங்கிக்கொள்வார், நல்லாகத்தான் கதைப்பார், என் பிள்ளைகளை விசாரிப்பார். புறப்படும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி ஒவ்வொரு முறையும் கேட்பார்.

“அண்டைக்கு உள்ளுக்கு இருந்தது நீங்கதானே மிஸ்ஸி?”

“ஓம் காக்கா” என்பேன்.

அவர் தலையாட்டுவார். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட, உள்ளே வாங்க என்று சொன்னதில்லை.